கூட்டிப் பார்த்தால் 27 மணி நேரம்: ஓடிகே படிவத்தோடு மூன்று வருடம்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீடு வீடாகக் கணக்கெடுக்க மூன்று வருடமாக ஓடிகே கலெக்ட்தான், கேள்விப் படிவத்தைப் போனிலேயே நிரப்பும் செயலி. படிவத்தை எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் முறையில் எக்செலில் நானே எழுதுகிறேன். சிக்னல் இல்லாத தெருவிலும் ஓடும். நான் பட்டதெல்லாம் கூட்டல் சரிபார்ப்பில்தான்.

மாதச் செலவுக்கு மளிகை, பால், வாடகை, குழுக் கடன், வைத்தியம், இதர என்று ஆறு கட்டம், கடைசியில் மொத்தம். ஆறும் கூடினால் மொத்தம் வர வேண்டும் என்று கான்ஸ்ட்ரெயின்ட் பத்தியில், அதாவது பதிலுக்கு நிபந்தனை எழுதும் இடத்தில், சூத்திரம் போட்டேன். முதல் நாளே சரியான மொத்தத்தை மறுத்தது. வைத்தியக் கட்டம் காலி. காலியை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாது, கூட்டலே எண்ணாக வராது. கோலெஸ் ஃபங்ஷனில் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டு, காலியென்றால் 0 என்று எழுதிய பிறகு அடங்கியது. மொத்தத்தையே காலியாக விட்டால் சரிபார்ப்பு பேசாமல் விட்டுவிடும். அதைக் கட்டாயக் கேள்வியாகத் தனியே குறிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் தரவைப் பார்த்தால் 'இதர' மட்டும் 370, 1,115 என்று சில்லறை சில்லறையாக நிற்கிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் முழு நூறுகள். கேட்டதற்கு, "கணக்கு உதைச்சா மிச்சத்த அதுல போட்டுடுவோம் சார்" என்றான் கணக்கெடுக்கும் பையன். அவனைச் சொல்லி என்ன? வழியை அடைத்தது நான்தானே.

அடுத்தது நேரக் கணக்கு. பீடி சுற்றுவது, சமையல், பிள்ளை, தூக்கம் எல்லாம் 24 ஆக வேண்டும் என்று வைத்திருந்தேன். ஓர் அம்மாவுக்கு 27 வந்தது. மடியில் முறம், அதில் இலையும் தூளும். அடுப்பில் உலை கொதிக்கிறது, காலடியில் பேரன். "இன்னா தம்பி, மூணும் ஒண்ணாத்தான செய்யறேன், எத கொறைக்கச் சொல்ற?" என்றார். அன்றிரவே அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிட்டு, 'கூடவே செய்த வேலை' என்று தனிக் கேள்வி சேர்த்தேன்.

செலவுக்கு இப்போது தடை இல்லை. கூட்டுத்தொகையைக் கால்குலேட் வரியில் போட்டு, செயலியே கணக்கிட்டுத் திரையில் குறிப்பாகக் காட்டும்படி வைத்திருக்கிறேன். ஒத்துவராவிட்டால் 'மறுபடி கேட்டீர்களா?' என்று ஒரு கேள்வி மட்டும் எழும். வித்தியாசம் தனிப் பத்தியில் பதிவாகும். சில்லறை 'இதர' நின்றுவிட்டது. போன வாரம் ஒரு வீட்டில் பால் 18,000 என்று வந்தது. கேள்வி எழுந்ததும் பையன் சிரித்துக்கொண்டே ஒரு சைபரை அழித்தான்.