விங்சூட்டுக்கு முந்தைய 175 குதிப்புகள்: டன்னலா, டிராக்கிங்கா, சும்மா எண்ணிக்கையா?

ஸ்கைடைவிங்கில் முதல் படி உரிமமான ஏ லைசென்ஸ் வாங்கிய கையோடு இருப்பவரிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கொஞ்சம் வெட்கத்தோடு விங்சூட் என்பார்கள்: கைகளுக்கும் கால்களுக்கும் இடையே துணி இறக்கை தைத்த உடை. நானும் அப்படித்தான் சொன்னேன். அமெரிக்கப் பாராஷூட் சங்கத்தின் விதி இதில் வளைந்து கொடுக்காது: 200 குதிப்புகள் முடியாமல் விங்சூட் போடக்கூடாது. ஏ லைசென்ஸுக்கு 25 போதும். மிச்சம் 175. சொந்தக் கருவி வைத்திருந்தாலும், விமானத்தில் ஏறும் சீட்டுக்கு மட்டும் அங்கே ஒரு தடவைக்கு 30 டாலர் வாக்கில் ஆகிறது. கூட்டிப் பார்த்தால் 5,000 டாலரைத் தாண்டுகிறது.

இந்தக் காசை எதில் போடுவது என்பதில் டிராப் ஸோன்களில், அதாவது குதிக்கும் மைதானங்களில், மூன்று கட்சிகள் உண்டு. நண்பர்களோடு குதித்துக்கொண்டே இரு, 200 தானாக வரும் என்பது முதல் கட்சி. கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கவைக்கும் கூண்டான விண்ட் டன்னலில் போய் உடம்பைப் பழக்கு என்பது இரண்டாவது. விழும்போதே முன்னோக்கிச் சறுக்கும் டிராக்கிங் கற்றுக்கொள் என்பது மூன்றாவது. மூன்றிலும் காசைக் கரைத்தவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

அதற்கு முன், விங்சூட்டில் எது கஷ்டம் என்று தெரிந்தாக வேண்டும். பறப்பது அல்ல. வயிறு கீழே இருக்க விழும்போது மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகம் வரும். விங்சூட்டில் கீழ்நோக்கிய வேகம் 100-க்கும் கீழே போய்விடும். 4,000 மீட்டரிலிருந்து ஒரு நிமிடத்தில் முடிகிற விழுதல் இரண்டு மூன்று நிமிடமாக நீள்கிறது. சின்ன சூட்டாக இருந்தால், கையையும் காலையும் விரித்துத் தளர்வாகக் கிடந்தாலே பெரும்பாலோர் பறந்துவிடுவார்கள். சிக்கல் எல்லாம் இரு முனைகளில்தான்: கதவிலும், பாராஷூட் திறக்கும் இடத்திலும்.

கதவில் அவசரப்பட்டு இறக்கையை விரித்தால் காற்று உங்களைத் தூக்கும். அப்படித் தூக்கினால் பின்னால் வருவது விமானத்தின் வால். அதனால் வெளியே வந்ததும் ஓரிரு வினாடி கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். அந்த ஆசையை அடக்குவது, எழுதுவதைவிடக் கஷ்டம்.

திறக்கும்போது வேறு கதை. விரிந்த சூட்டுக்குப் பின்னால் காற்று செத்துப்போன ஒரு பகுதி உருவாகிறது. முதுகுப் பையிலிருந்து பாராஷூட்டை இழுத்து வெளியே கொண்டுவர நாம் வீசும் சின்னக் குடையான பைலட் ஷூட், அந்தச் செத்த காற்றில் மாட்டிக்கொண்டு மிதக்கலாம். விங்சூட்காரர்கள் அதைப் பாராஷூட்டோடு இணைக்கும் பட்டியை நீளமாக வைப்பது இதற்காகத்தான். அப்புறம், திறக்கும் நேரத்தில் ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்தாலும் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். கையோ துணிக்குள் இருக்கிறது.

இன்னொன்றைப் புதியவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. மயங்கினாலும் அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராஷூட்டைத் தானாகத் திறந்துவிடும் சைப்ரஸ் கருவியை நம்பித்தான் நாம் ஏறுகிறோம். அதன் வழக்கமான எக்ஸ்பர்ட் வகை, 225 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். அது மணிக்கு 126 கிலோமீட்டர். விங்சூட்டில் நீங்கள் அதைவிட மெதுவாக இறங்குகிறீர்கள். அதாவது, நன்றாகப் பறந்துகொண்டே உயரத்தை மறந்தால் அந்தப் பெட்டி சும்மா இருந்துவிடும்.

இன்றைய விங்சூட்டுக்கு 1990-களில் வடிவம் கொடுத்த பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் தெ கையார்தோன் 1998-இல் ஹவாயில் இறந்ததும் பறக்கும் கலையில் தவறியதால் அல்ல. பாராஷூட் பையில் தானே செய்து பார்த்த ஒரு மாற்றம் திறக்கும்போது காலை வாரிவிட்டது. அடுத்த ஆண்டு பேர்ட்மேன் நிறுவனம் கடையில் வாங்கக்கூடிய சூட்டைக் கொண்டுவந்தது.

ஆக என் அளவுகோல் ஒன்றுதான்: கதவு, திசை, உயரம், திறப்பு, இந்த நான்கையும் எந்தப் பயிற்சி அதிகம் தொடுகிறது?

முதல் கட்சியை எடுத்துக்கொள்வோம். நண்பர்களோடு வானத்தில் கைகோத்து வளையம் போடும், வயிறு கீழே இருக்க விழும் பெல்லி குதிப்புகள் மலிவு, ஜாலி. உயரமானியைப் பார்க்கும் பழக்கம் வரும், குறித்த உயரத்தில் பிரிந்து விலகும் ஒழுங்கு வரும். முதல் 50 குதிப்புகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் நீங்கள் கிட்டத்தட்ட நேர்கீழே விழுகிறீர்கள். எங்கே போகிறோம் என்ற கேள்வியே எழாது. 200-ஐயும் இப்படியே முடித்தவர், எண்ணிக்கையில் தகுதி பெற்றிருப்பார், அவ்வளவுதான்.

டன்னல் கவர்ச்சியானது. உள்ளே ஒரு நிமிடம் என்பது வானில் ஒரு குதிப்பின் விழுநேரம். பத்து நிமிடம் வாங்கினால் பத்துக் குதிப்புகளின் பயிற்சி ஒரே மாலையில் கிடைக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவருக்கு செந்தோசாவிலேயே ஒன்று இருக்கிறது. விமானம், மேகம், காத்திருப்பு எதுவும் கிடையாது. உடம்பில் எங்கே இறுக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கிற பயிற்றுநர் பத்தே வினாடியில் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு இடது முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்கும். அதை நூறு குதிப்புகளில் யாரும் சொல்லவில்லை, டன்னலில் முதல் சுற்றிலேயே சொன்னார்கள்.

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கதவு இல்லை, உயரம் இல்லை, திசை இல்லை, திறப்பு இல்லை. காற்று கீழிருந்து நேராக வருகிறது. விங்சூட்டில் அது சரிவாக முன்னாலிருந்து வரும். அந்த 200 குதிப்புக் கணக்கிலும் டன்னல் நிமிடங்கள் சேராது.

சரி, சாய்வான டன்னல்? ஸ்டாக்ஹோமில் 2017-இல் விங்சூட்டுக்கென்றே சாய்த்துக் கட்டிய டன்னல் திறக்கப்பட்டது. அசல் சூட்டை மாட்டிக்கொண்டு, ஆரம்பத்தில் கயிற்றில் பிணைத்தபடி பறக்கலாம். இறக்கையைத் திருப்புவது, சறுக்குவது எல்லாவற்றுக்கும் அற்புதமான இடம். இருந்தும் புதியவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். எளிதான பகுதியில் அபார நம்பிக்கையைக் கொடுத்து, கஷ்டமான இரு முனைகளைத் தொடாமல் அனுப்பிவிடும். முப்பது நாற்பது விங்சூட் குதிப்புகள் முடித்துவிட்டு அங்கே போகிறவருக்குக் காசு வீணாகாது.

டிராக்கிங்குக்குத்தான் என் ஓட்டு. கைகளைப் பக்கவாட்டில் பின்னுக்கு வைத்து, கால்களை நீட்டி, தலையைத் தாழ்த்தி வானத்தில் முன்னோக்கிச் சறுக்குவது இது. காற்று புகுந்து உப்பும் சட்டையும் கால்சராயுமாக இதற்கென்றே டிராக்கிங் சூட் உண்டு. விங்சூட் சாதாரணமாக ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் முன்னே போகும். டிராக்கிங்கில் நன்றாகச் செய்தால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். 2,500 மீட்டர் இறங்கினால் முன்னது 5 கிலோமீட்டர், பின்னது 2.5. பாதிதான், ஆனால் தவறான திசையில் போனால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்ள அந்தப் பாதியே தாராளம்.

எனக்கு அது 60-ஆவது குதிப்பில் புரிந்தது. விமானம் பறந்த கோட்டுக்குக் குறுக்கே திரும்ப வேண்டும் என்று தரையில் பத்து தடவை சொல்லிக்கொண்டு போனவன், வெளியே வந்ததும் அந்தக் கோட்டின் வழியாகவே அழகாகச் சறுக்கினேன். பாராஷூட் திறந்து திரும்பிப் பார்த்தால், எனக்கு முந்திக் குதித்தவர்கள் நான் வந்த அதே வரிசையில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கிய இடம் யாருடையதோ ஒரு வயல். மைதானத்துக்கு நடந்து வர முக்கால் மணி நேரம். திட்டும் கிடைத்தது, நியாயமான திட்டு.

இதே தவறை விங்சூட்டில் செய்தால் விலை கூடும். 2018-இல் தெற்கு பிரான்ஸில் விங்சூட்டில் பறந்துகொண்டிருந்த ஒருவர், தான் குதித்த விமானத்தின் இறக்கை மோதியே இறந்தார். இறங்கும் விமானமும் சறுக்கும் மனிதரும் ஒரே வானத்தைப் பங்கு போடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று விமானியிடம் சொல்லிவிட்டு ஏறும் பழக்கம் டிராக்கிங் காலத்திலேயே வந்துவிட வேண்டும்.

டிராக்கிங்குக்கு இன்னொரு லாபம்: வேகமாகச் சறுக்கி வந்தவர் வேகத்தைக் குறைத்து, உடம்பை நேராக்கி, பிறகுதான் பைலட் ஷூட்டை வீச முடியும். விங்சூட்டுக்கும் தேவையானது இதே வரிசைதான். குறை என்னவென்றால், கூட்டமாகப் போனால் மோதல் ஆபத்து பயங்கரம். 40 குதிப்புகளோடு பத்துப் பேர் டிராக்கிங் கும்பலில் சேராதீர்கள். தனியாகவோ, ஒரு பயிற்றுநரோடோ போங்கள்.

இந்த மூன்று கட்சிகளும் பேசாத நான்காவது வழி ஒன்று உண்டு: பாராஷூட்டையே ஓட்டப் பழகுவது. 5,000 அடியில் இறங்கி உடனே திறந்துவிடும் குதிப்புகளுக்குச் சீட்டு விலை குறைவு. விங்சூட்காரர் இறங்கப்போவது எப்போதும் மைதானத்தில் இல்லை. வேலி, மின்கம்பி, மரம் எல்லாம் வரும். சாதுவான, துணியில் ஏழு காற்றறைகள் கொண்ட, அதிக பாரம் ஏற்றாத பாராஷூட்டுக்கு அப்போதே மாறிவிடுவதும் நல்லது. முறுக்கினாலும் அது சுழன்று கீழே பாயாமல், நீங்கள் கயிற்றைப் பிரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். வேகமான சின்னப் பாராஷூட்டுக்கு ஆசைப்படுகிறவர் விங்சூட்டைத் தள்ளிப்போடட்டும். இரண்டையும் ஒரே ஆண்டில் கற்க நினைப்பது என் கண்ணுக்குப் பேராசை.

175-ஐ நான் இன்று திரும்பச் செலவழித்தால் 50 நண்பர்களோடு, 30 பாராஷூட் பயிற்சிக்கு, மிச்சம் எல்லாம் டிராக்கிங். டன்னலுக்கு அரை மணி நேரம், அதுவும் ஊர்ப்பக்கம் இருந்தால்.

சூட் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதில் பேச அதிகம் இல்லை. முதல் பயிற்சிக்கு டிராப் ஸோனில் கிடைக்கும் சின்ன சூட்டை வாடகைக்கு எடுங்கள். பிடித்தால் ஸ்விஃப்ட், ஃபேன்டம் மாதிரி தொடக்கநிலை சூட் ஒன்று வாங்கலாம். யாரோ பாதி விலைக்குத் தருகிறார் என்று பெரிய இறக்கையைத் தொடாதீர்கள்.

முதல் பறப்புப் பயிற்சியில் தரையிலேயே சூட்டை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பைலட் ஷூட் பிடியைத் தேடவைப்பார்கள். நான் இருபது தடவை தேடினேன். துணிக்குள் இருந்து கை போகும் தூரம் வேறு. நூறு தடவை பழகிய பிடி ஓர் அங்குலம் தள்ளிப்போய்விட்ட மாதிரி இருக்கும். மேலே போனதும் பயிற்றுநர் மறுபடி அதையே மூன்று தடவை தொட்டுக்காட்டச் சொன்னார். இரண்டு நிமிடப் பறப்பில் முதல் நிமிடம் அதிலேயே போனது.