கொழுக்குமலை, மீசைப்புலிமலைக்கு "சின்னக் குழு" டூர் போகிறவர்கள் கவனிக்க

மார்ச் மாதம், தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலை உச்சி, இடுப்பளவுக்குக் காய்ந்து நிற்கும் புல், கீழிருந்து தள்ளிக்கொண்டு வரும் காற்று. அந்த இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களைக் கூட்டிப்போனவர்கள் கேம்ப்ஃபயர் மூட்டினார்கள். பணத்தில் ஏமாற்றினார்கள், சொன்ன எதையும் செய்யவில்லை, அதெல்லாம் கீழே எழுதுகிறேன். ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தத் தீதான்.

அந்த உச்சியிலிருந்து கிழக்கே இறங்கினால் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து வார இறுதிக்காக வந்த சின்ன வயதுப் பிள்ளைகள். புல் பற்றினால் சரிவில் ஓடித் தப்ப முடியாது. மேலே ஏறுகிற தீ மனுஷனைவிட வேகமாக ஏறும். இதே மாதம், இதே மலை. தண்ணீர் வாளி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமல் பாட்டுப் போட்டு விறகு அடுக்கினார்கள். என் தங்கை எழுந்து போய், "அண்ணா, அணைச்சிருங்க, பொறி பறக்குது" என்று சொன்னாள். "ஒண்ணும் ஆகாதும்மா, வாரா வாரம் பண்றோம்" என்று பதில் வந்தது. வாரா வாரம்! கடைசியில் நாங்கள் சிலர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். அதற்கு முகம் சுளித்தவர்களும் குழுவில் இருந்தார்கள், அது தனி வருத்தம்.

அவர்கள் விற்றது என்னவென்று சொல்கிறேன். இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்று. 12 பேர் மட்டும், அனுபவமுள்ள வழிகாட்டி, கொழுக்குமலை சூரிய உதயம், அங்கிருந்து மீசைப்புலிமலை ஏற்றம், ராஜமலையில் வரையாடு, முதுவான் பழங்குடி மக்களின் ஊரான முதுவான் குடியில் பகல் சாப்பாடும் கூத்தும். இரண்டு இரவு, மூன்று பகல், மதுரையிலிருந்து போய்வர தலைக்கு 7,500 ரூபாய், "எல்லாம் உள்ளடக்கம்". பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. பில் கேட்டதற்கு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மாட்டுத்தாவணியில் வேன் ஏறும்போதே 12 பேர் என்பது பொய் என்று தெரிந்துவிட்டது. வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலைக்கு விற்ற மூன்று குழுக்களை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கட்டியது 5,200. சூரியநெல்லி போய்ச் சேர்ந்ததும் ஜீப்புக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். கொழுக்குமலை எஸ்டேட் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி ஏறுவது கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான், அதுவும் ஜீப் மட்டும்தான். இது அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் தெரிந்த செலவு. "எல்லாம் உள்ளடக்கம்" என்று விற்றவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இருட்டில், குளிரில், பையோடு நிற்கிற பெண்கள் திரும்பியா போகப் போகிறார்கள் என்ற கணக்கு அது.

கூடாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பேருக்கு ஒன்றில் ஐந்து பேர், அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை, அதிலும் தண்ணீர் இல்லை.

விடியற்காலை உதயம் பார்த்தோம், அழகுதான், மறுக்கவில்லை. அதன் பிறகு வழிகாட்டி என்று அறிமுகமான பையன் எல்லாரையும் ஒரு ஒற்றையடிப் பாதைக்குத் திருப்பினான். கல்லூரியில் படிக்கிறவன், இந்தப் பக்கம் போன வருஷம்தான் முதலில் வந்தானாம். இந்த வழியாக மீசைப்புலிமலை போக அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். "செக்போஸ்ட் அந்தப் பக்கம்தான்க்கா, இங்க யாரும் பாக்க மாட்டாங்க" என்றான்.

இது தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மீசைப்புலிமலை 2,640 மீட்டர். முறையான வழி மூணாறிலிருந்து, கேரள வன வளர்ச்சிக் கழகம் மூலம். அவர்களிடம் முன்பதிவு செய்து, அடையாள அட்டை கொடுத்து, அவர்களுடைய முகாமில் தங்கி, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு ஏற வேண்டும். கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து ஏற அனுமதி கிடையாது. ஆனால் அந்த மேடு இரண்டு மாநில எல்லையில் கிடக்கிறது. டூர்க்காரர்களுக்கு அது வசதி: தமிழ்நாட்டு ஆள் கேட்டால் கேரளாவில் சொல்லியிருக்கிறோம் என்பார்கள், கேரளாவில் கேட்டால் எஸ்டேட்டில் சொல்லியிருக்கிறோம் என்பார்கள். எங்கள் யாரிடமும் ஆதார் நகல்கூட வாங்கவில்லை. பெயரும் அடையாள எண்ணும் இல்லாமல் எந்த வனத்துறையும் காட்டுக்குள் அனுமதி எழுதித் தராது. அடையாளம் கேட்கவில்லை என்றால் அனுமதி எடுக்கவில்லை என்றே அர்த்தம்.

எங்களை ஏற்றிவந்த ஜீப்காரர் தமிழர், மூணு தலைமுறையாக அங்கே எஸ்டேட்டில் இருக்கிற குடும்பம். அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அங்க போகாதீங்க. புல்லப் பாத்தீங்கல்ல? ஒருத்தன் பீடி போட்டாப் போதும்" என்றார். நாங்கள் சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். போனவர்கள் இரண்டு மணி நேரத்தில் வன வாட்சரோடு திரும்பி வந்தார்கள். வழிகாட்டிப் பையன் வாட்சரைப் பார்த்ததும் வேறு பக்கம் இறங்கிப் போய்விட்டானாம். பெயர், முகவரி, திட்டு எல்லாம் பணம் கட்டிய பிள்ளைகளுக்கு.

ராஜமலையும் அதே கதைதான். ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூடிவிடுவார்கள். மார்ச் டூரில் வரையாடு காட்டுகிறோம் என்று எழுதினவனுக்கு மூணாறே தெரியவில்லை, அல்லது தெரிந்தே எழுதினான். வாசலில் பூட்டிய கேட்டைக் காட்டி, "இன்னைக்கு லீவாம்" என்றார்கள்.

முதுவான் குடியில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மதுரையிலிருந்து மலையேறிய கதையை இன்னும் சொல்லிக்கொள்கிற மக்கள் அவர்கள். நம் பேச்சு அவர்களுக்கும் அவர்கள் பேச்சு நமக்கும் புரியும். குடியோடு பேசி வைத்திருக்கிறோம், வருமானத்தில் பங்கு அவர்களுக்குப் போகிறது என்று ரீலில் சொல்லியிருந்தார்கள். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. முப்பது பேர் செருப்புக் காலோடு நுழைந்து, முற்றத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் வந்து, "யாரைக் கேட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் அவர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணிக்கப் பார்த்தார். பெரியவர் வாங்கவில்லை. கூத்துமில்லை, சாப்பாடுமில்லை, இருக்கவும் கூடாது. ஒருவர் வீட்டை அவருக்குத் தெரியாமலேயே டிக்கெட் போட்டு விற்றிருக்கிறார்கள்.

ஊர் திரும்பி, பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்று குழுவில் கேட்டேன். ஐந்தே நிமிஷத்தில் என்னையும் கேட்ட மற்றவர்களையும் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கினார்கள். பிறகு அந்த இன்ஸ்டா பக்கத்தின் பெயரும் மாறிவிட்டது, படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நான் இங்கே பெயர் போடாததற்கு அது ஒரு காரணம், புகார் நடந்துகொண்டிருப்பது இன்னொரு காரணம். பெயரை வைத்து இவர்களைப் பிடிக்க முடியாது. தனி ஆள் கணக்குக்குப் பணம், பில் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை, "பெர்மிஷன் நாங்க பாத்துக்கறோம்" என்ற பேச்சு, மூடியிருக்கும் இடம் பட்டியலில். இதில் ஒன்று தெரிந்தாலும் அனுமதிக் கடிதத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மலையேற ஆசை இருக்கிறவர்களுக்கு நம் வனத்துறையே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் கூட்டிப்போகிறார்கள். தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவர்கள் மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் தேனி மலைச்சரிவில் எவன் டூர் விற்றாலும் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரீலை ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்து வையுங்கள். எங்களுக்கு இப்போது கைகொடுப்பது என் தங்கை அன்றைக்கே எடுத்து வைத்த அந்த வீடியோதான்.

அதே ஆட்கள் புதுப் பெயரில் ஏப்ரல் முதல் வாரத்துக்கு அடுத்த டூர் போட்டிருக்கிறார்கள். அதே உச்சி, அதே கேம்ப்ஃபயர் படம். தேனி மாவட்ட வன அலுவலகத்துக்கும் தேவிகுளம் வனச்சரகத்துக்கும் தேதியோடு எழுதி அனுப்பிவிட்டேன். முன்பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால் மீதியைக் கட்டாதீர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.