ஊராட்சியா, பேரூராட்சியா, மாநகராட்சியா: வேலூர் ஓரத்து ஊர்களுக்கு எது தோது?

2008-ல் மாநகராட்சியான வேலூர், 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று 60 வார்டு. பெருமுகை, அப்துல்லாபுரம் பக்கம் போனால் வயலுக்கு நடுவே மனைக்கல் நிற்கிறது. மாநகராட்சியோடு இணைப்பு என்றதும் ஊரில் கிளம்பும் முதல் பேச்சு வீட்டு வரி. அது சின்ன விஷயம்.

ஊராட்சியில் தலைவரை ஊரே நேராகத் தேர்ந்தெடுக்கிறது, கட்சிச் சின்னம் இல்லாமல். தண்ணீர் வராவிட்டால் டேங்க் ஆப்பரேட்டரை வீட்டிலேயே போய்ப் பிடிக்கலாம். குறை, பணமும் ஆளும். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மிச்சத்தில் எத்தனை நகருக்குச் சாலை போடுவது? பொறியாளரும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில்தான். சாக்கடை ஏரிக் கால்வாயில் இறங்கும். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியென்றால் அது நீர்வளத் துறையுடையது, ஊராட்சி கைவைக்க முடியாது.

மாநகராட்சிக்குச் சொந்தப் பொறியாளர்கள் உண்டு, பாதாளச் சாக்கடைக்கும் வழியுண்டு. ஆனால் உங்கள் கவுன்சிலர் அறுபதில் ஒருவர், மேயரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபை போய்விடும். ஊரக வேலைத் திட்டமும் நின்றுவிடும். மனை வாங்கிக் குடிவந்தவருக்கு இது உறைக்காது, களையெடுக்கும் பெண்களுக்கு உறைக்கும்.

பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் போலத் தனித்து நிற்கும் ஊர்களுக்குப் பேரூராட்சி பொருந்தும். மாநகரை ஒட்டிய ஊருக்கு அது இரண்டும் கெட்டான்: ஊரக வேலையும் போகும், பாதாளச் சாக்கடைக்குப் பணமும் இருக்காது. வயல் பாதிக்குமேல் இருந்தால் ஊராட்சியாகவே இருப்பது மேல். மனைகள் மிஞ்சிவிட்டால் இணைவதே நல்லது.

எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவது லேஅவுட் சாலையில்தான். சாலையும் பூங்காவும் உள்ளாட்சி பெயருக்குத் தானப்பத்திரமாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத சாலை மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே கிடக்கும், அதற்கு மதிப்பீடு தயாரிக்க மாட்டார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லா மனைகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

ஆகவே இணைப்புக்கு முன்பே சாலை, பூங்கா சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தானப்பத்திரம் இருந்தால் நகல் எடுத்து, பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மனைப்பிரிவு போட்டவரிடம் எழுதி வாங்க ஊராட்சியை நெருக்குங்கள். இணைந்தபின் இந்தக் கோப்பு ஒன்றிய அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

பழைய வீட்டு வரி ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். புது வரிவிதிப்பு எண் வரும்போது பெயரும் சதுர அடியும் தப்பாக ஏறினால், திருத்த அதுதான் கையிலிருக்கும் ஆதாரம்.