போர்பனா, ரையா: ஐஸ் உருகிய பிறகு ஒரு முடிவு

எங்கள் வீட்டு அலமாரியில் விஸ்கிக்கென்று ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். சனிக்கிழமை இரவு ஒரு பெக், யாராவது வந்தால் இன்னொன்று, அவ்வளவுதான் செலவு. ஒன்பது வருடம் அந்த இடத்தில் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்தது. போன குளிர்காலத்தில் ரை என்ற இன்னொரு அமெரிக்க விஸ்கி வந்து உட்கார்ந்தது. ராவாகக் குடித்துப் பார்த்து எடுத்த முடிவு இல்லை இது. ராவாக என்றால் இன்றைக்கும் பாதி நாள் போர்பனைத்தான் கையில் எடுப்பேன். ஐஸ் உருகிய பிறகு கிளாஸில் என்ன மிஞ்சுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் மனம் மாறியது.

அமெரிக்கச் சட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருந்தால் போர்பன், 51 சதவீதம் ரை இருந்தால் ரை விஸ்கி. இரண்டையும் உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். பீப்பாயில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு. இன்னொன்று, ரை என்பதைத் தமிழில் சிலர் கம்பு என்று எழுதிவிடுகிறார்கள். கம்பு வேறு, இது வேறு. இது கோதுமைக்குப் பங்காளி முறையில் வரும் குளிர்நாட்டுத் தானியம்.

நான் இருப்பது ஒகாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில். இங்கிருந்து காரை எடுத்தால் லாரன்ஸ்பர்க் என்ற பெயரில் இரண்டு ஊருக்குப் போகலாம். ஒன்று இந்தியானாவில், மேற்கே அரை மணி நேரம். இன்னொன்று கென்டக்கியில், தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டிலும் பெரிய டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி காய்ச்சும் ஆலை, இருக்கிறது. ரை வாங்கப் போகிறவர் இந்த இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இந்தியானா லாரன்ஸ்பர்க்கில் 95 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி என்று ஒரு கலவை காய்ச்சுகிறார்கள். பல கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் பெயர் போட்டு விற்கின்றன. புல்லட் ரை அப்படி வந்ததுதான். கென்டக்கி லாரன்ஸ்பர்க்கில் இருப்பது வைல்ட் டர்க்கி. அவர்களுடைய ரையில் ரை தானியம் சட்டம் கேட்கிற அளவை ஒட்டியே இருக்கும். மீதியில் பெரும்பங்கு மக்காச்சோளம். ஒரே பெயரில் விற்றாலும் இரண்டும் வேறு வேறு சாமான்.

இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம், குறிப்பாக பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும், விஸ்கி என்றாலே ரைதான். ஜார்ஜ் வாஷிங்டன் 1797ல் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் காய்ச்ச ஆரம்பித்ததும் 60 சதவீதம் ரை போட்ட விஸ்கிதான். 1799ல் ஏறக்குறைய 11,000 கேலன் இறக்கினார்கள். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கிழக்கே ரை பழையபடி தலைதூக்கவில்லை. டிஸ்டில்லரிகள் ஒவ்வொன்றாக மூடின. 1810ல் பென்சில்வேனியாவில் பிறந்த ஓல்ட் ஓவர்ஹோல்ட், பிலடெல்பியாக்காரரான ரிட்டன்ஹவுஸ் போன்ற பெயர்கள் கடைசியில் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தன. அங்கே எல்லோருக்கும் கை பழகியது போர்பன். அதனால் கென்டக்கி ரை போர்பனுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருக்கும்.

சரி, சோதனைக்கு வருகிறேன். டாலஸிலிருந்து மச்சினன் வந்திருந்தான். அவனும் போர்பன் ஆள். மூன்று பாட்டில் வாங்கினேன்: வைல்ட் டர்க்கி 101 போர்பன், வைல்ட் டர்க்கி 101 ரை, புல்லட் ரை. முதல் இரண்டும் ஒரே டிஸ்டில்லரி, இரண்டிலுமே ஆல்கஹால் 50.5 சதவீதம். போர்பனில் கொஞ்சம் மூத்த பீப்பாய்கள் சேரும், ரை சற்று இளையது. அதைத் தவிர்த்தால் வித்தியாசம் தானியத்தில் மட்டும்தான். வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதில் ஆல்கஹால் 45 சதவீதம். அந்த 95 சதவீத ரை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள.

மனைவி குடிக்க மாட்டாள். ஆனால் கிளாஸ்களின் அடியில் சீட்டு ஒட்டி, எங்கள் கண்ணில் படாமல் ஊற்றித் தந்தது அவள்தான். ஊற்றும்போதே புல்லட் ரையை முகர்ந்துவிட்டு, "இதுல சதகுப்பை போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். அத்தனை வருடம் விஸ்கி குடித்த நாங்கள் இருவரும் அந்த வாசனைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். சதகுப்பையேதான். கூடவே புதினா, கொஞ்சம் சோம்பு.

ராவாக, ஒரு சுற்றுக்கு ஒரு வாய் என்று இரண்டு சாயங்காலத்தில் ஆறு சுற்று போனோம். புல்லட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. டர்க்கி போர்பனையும் டர்க்கி ரையையும் நான் இரண்டு முறை மாற்றிச் சொன்னேன், மச்சினன் மூன்று முறை. போர்பனில் கருகிய சர்க்கரை, வனிலா, ஆரஞ்சுத் தோல். நாக்கின் நடுவில் கெட்டியாக உட்கார்ந்து, நெஞ்சுக்குள் சூடாக இறங்கும். ரையில் அதே சர்க்கரை கொஞ்சம் மெலிந்து, ஓரங்களில் மிளகு. அந்தக் கட்டத்தில் ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் போர்பனுக்கே போட்டிருப்போம்.

அப்புறம் தண்ணீர். 30 மில்லியில் முதலில் 15 மில்லி தண்ணீர் விட்டோம். 50.5 சதவீதம் 34க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். போர்பன் இந்த இடத்தில் இன்னும் அழகாகத்தான் இருந்தது. சூடு தணிந்து வனிலா மேலே வந்தது. மேலும் 15 மில்லி விட்டோம். இப்போது 25 சதவீதம். பெரிய ஐஸ் கட்டி போட்டு, பேச்சு சுவாரசியத்தில் கிளாஸை மறந்துவிட்டால் கிட்டத்தட்ட இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். போர்பனில் இனிப்பின் உடம்பு போய்விட்டது. சர்க்கரைத் தண்ணீரும், அதன் பின்னால் மரத்துவர்ப்பும் மட்டும் மிச்சம். ரையில் மிளகின் காரம் இறங்கி, அதுவரை ஒளிந்திருந்த கிராம்பும் ஒரு பச்சை வாசனையும் முன்னால் வந்தன. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இது மிளகு ரசம் மாதிரி தொண்டையில நிக்குது" என்றான். தண்ணீர் விட்ட பிறகு நடந்த நான்கு சுற்றிலும் நாங்கள் இருவரும் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. ராவாகக் குடித்தபோது குழப்பிய இரண்டு கிளாஸ்கள், தண்ணீரில் இப்படிப் பிரிந்து நின்றன.

இதற்கு எனக்குப் புரிந்த காரணம் இது. கருக்கிய ஓக் மரத்திலிருந்து வனிலா வாசனை வரும், கருகிய சர்க்கரை வரும், கிராம்பு வாசனைகூட வரும். கிராம்பில் இருக்கிற யூஜினால் ஓக்கிலும் உண்டு. இவை போர்பனுக்கும் ரைக்கும் பொது. போர்பனில் தானியத்தின் பங்கு பெரும்பாலும் ஒரு வழவழப்பான இனிப்பு. அந்த இனிப்புக்கு ஆல்கஹாலின் கெட்டித்தன்மை துணை நிற்கும் வரை அது ராஜா. துணை போனால் நீர்த்துவிடும். ரை தானியமோ தன் காரத்தையும் வாசனையையும் தனியாகக் கொண்டுவருகிறது. காரம் நீர்த்தாலும் காரமாகத்தான் தெரியும். ரசத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கூடினாலும் மிளகு தெரிவதும், பாயசத்தில் கூடினால் எல்லாம் கெட்டுப்போவதும் சமையல் தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை.

எதையாவது கலந்து குடிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மன்ஹாட்டன் என்ற காக்டெயில் கலப்பதென்றால் 60 மில்லி விஸ்கி, 30 மில்லி இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), இரண்டு உதறல் பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), ஐஸ் போட்டு அரை நிமிடம் கிளறல். வெர்மூத் ஏற்கெனவே இனிப்பு. போர்பன் ஊற்றினால் இனிப்பின் மேல் இனிப்பு ஏறி, பாதி கிளாஸிலேயே திகட்டும். ரிட்டன்ஹவுஸ் ரை ஊற்றினால் கடைசிச் சொட்டு வரை விஸ்கி இருப்பது தெரியும். அதன் லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருக்கும். 1897ல் வந்த சட்டம் அது: ஒரே டிஸ்டில்லரியில் ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு வருடமாவது வைத்து, சரியாக 50 சதவீதத்தில் பாட்டிலில் அடைத்தது. கலப்பதற்கு அந்த 50 சதவீதம் பெரிய பலம். இஞ்சி சோடாவுக்கும் நான் இதைத்தான் ஊற்றுகிறேன்.

போர்பன் ஜெயிக்கிற இடங்களையும் சொல்ல வேண்டும். ராவாகக் குடிப்பவருக்கும், விஸ்கிக்குப் புதியவருக்கும் போர்பன்தான். கடையில் போர்பன் ஒரு சுவர் முழுக்க நிற்கும், ரை இரண்டு தட்டு. ஒகாயோவில் விலையை மாநில அரசே நிர்ணயிப்பதால் கடை மாற்றி அலைந்து பயனில்லை. நான் வாங்கிய அன்று டர்க்கி ரை, போர்பனைவிட நாலைந்து டாலர் கூடுதல். காரம் வேண்டாம் என்பவர்கள் ரைக்குப் பதில் கோதுமை சேர்த்த மேக்கர்ஸ் மார்க் போன்ற போர்பனைத் தேடலாம். அந்த வகையில் நான் குடித்தது நாலைந்து பெக்தான், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். பத்து வருடத்துக்கு மேல் பீப்பாயில் இருந்த ரையையும் இரண்டு தடவைதான் ருசித்திருக்கிறேன். இரண்டிலும் மரம் தானியத்தை மூடிவிட்டதாகத் தோன்றியது. இரண்டு கிளாஸை வைத்து முடிவு கட்ட முடியாது.

ரைக்கு மாறுகிறவர் நேராக 95 சதவீதத்தில் இறங்க வேண்டாம் என்பேன். சதகுப்பை வாசனை சிலருக்கு முதல் வாயிலேயே பிடிக்காமல் போகும். வைல்ட் டர்க்கியோ ரிட்டன்ஹவுஸோ ஒரு பாட்டில் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவது நல்லது. பெரிய ஐஸ் போட்டு, பத்து நிமிடம் விட்டு, அப்புறம் ருசித்துப் பாருங்கள்.

மச்சினன் ஊருக்குக் கிளம்பும்போது மூன்று பாட்டிலிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எது வேண்டும் என்று கேட்டேன். அவன் எப்போதும் ராவாகக் குடிப்பவன், ஐஸ் தொடவே மாட்டான். போர்பனை எடுத்துத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.