17,700 ரூபாய் போச்சு: எம்.இ.பி. ஆட்களுக்கான ஸ்ட்ரக்சுரல் வகுப்பில் சேருமுன் இதைப் படியுங்கள்

வகுப்பு நடத்தியவர்களை இன்று காலை கடைசியாக ஒருமுறை கூப்பிட்டேன். ரிங் போய் கட் ஆனது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் ஏசி, பிளம்பிங் டிசைன் செய்பவன், அதாவது எம்.இ.பி. (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) ஆள். படித்தது மெக்கானிக்கல். பீம் என்றால் என் பைப்புக்குக் குறுக்கே வரும் கோடு, அவ்வளவுதான் தெரியும். மீட்டிங்கில் ஸ்ட்ரக்சுரல் ஆட்கள் (பீம், தூண், ஸ்லாப் டிசைன் செய்பவர்கள்) பேசும்போது புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்ட்ரக்சுரல் சொல்லித்தரும் ஆன்லைன் பயிற்சி. எட்டு சனிக்கிழமை நேரலை வகுப்பு, நம் டிராயிங்கையே பார்த்துத் திருத்தித் தருவார்களாம். கட்டணம் 15,000, ஜிஎஸ்டி 2,700. ஆக 17,700 ரூபாய்.

இலவச டெமோ வகுப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதில்தான் விழுந்தேன். வகுப்பு எடுத்தவர் பீமுக்குப் பதிலாக ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, பக்கவாட்டில் பேனாவால் நேர்நேராகக் கோடு போட்டு, இரண்டு முனையையும் பிடித்து நடுவில் தொய்கிற மாதிரி வளைத்தார். அடியில் கோடுகள் விலகின, மேலே நெருங்கின, பாதி உயரத்தில் மட்டும் இடைவெளி மாறவில்லை. "கீழே இழுக்குது, அதனாலதான் அங்க கம்பி. பைப் போக ஓட்டை தேவைன்னா பீமோட பாதி உயரத்துல கேளுங்க. தூண் பக்கத்துல கேட்காதீங்க, அங்க பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கிற வெட்டு விசை அதிகம். பால்கனி மாதிரி நீட்டி நிற்கிற பீம்ல முக்கியமான கம்பி மேலே இருக்கும்" என்றார். பத்து வருடமாக யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. அன்று ராத்திரியே பணத்தைக் கட்டிவிட்டேன்.

இரண்டு வகுப்பு நடந்தது. மூன்றாவது சனிக்கிழமை லிங்க் வரவில்லை. "சாருக்கு உடம்பு சரியில்லை." அடுத்த வாரம் பழைய வீடியோக்களை அனுப்பினார்கள். யாரோ ஏதோ போட்டித் தேர்வுக்கு நடத்திய பாடம். டக்ட் (ஏசி காற்று போகும் குழாய்), ஸ்லீவ் (பைப் நுழைய கான்கிரீட்டில் விடும் குழல்) என்று ஒரு வார்த்தை கிடையாது. வகுப்புக்கான சாட் குழுவில் கேட்டோம். குழுவையே அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.

இதைவிட மோசம், டிராயிங் திருத்தித் தந்த லட்சணம். மொட்டை மாடியில் 5,000 லிட்டர் தொட்டி வைக்கும் டிராயிங்கை அனுப்பிக் கேட்டேன். "ஆர்சிசி ஸ்லாப்தானே சார், தாங்கும்" என்று பதில், கட்டைவிரல் பொம்மையோடு. நல்லவேளை, எங்கள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் பார்த்தார். "யாருப்பா சொன்னது?" என்று கேட்டு ஒரு பழைய கவரின் பின்னால் கணக்குப் போட்டார். தண்ணீர் மட்டுமே 5 டன். தொட்டியின் விட்டம் 2 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்கள் புழங்கும் மாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பாகத்தில் உள்ள லைவ் லோடு (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. பத்து மடங்கு! தூணிலிருந்து தூணுக்குப் பீம் போட்டு அதன் மேல் தொட்டியை ஏற்றச் சொன்னார். 17,700 ரூபாய் கட்டியும் கிடைக்காதது ஒரு கிழிந்த கவரில் கிடைத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "அடுத்த பேட்ச்சில் சேர்த்துவிடுகிறோம்". அப்புறம் "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு". அப்புறம் "முதல் வகுப்பில் கலந்துகொண்டாலே ரீஃபண்ட் கிடையாது, கண்டிஷனில் இருக்கே சார்". எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஜிஎஸ்டி என்று 2,700 வாங்கினார்களே, அதற்கு ஒரு பில்லாவது? அதுவும் இல்லை.

எப்படிச் சமாளிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இதுதான் வருகிறது. டெமோவைப் பார்த்து அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். முழுத்தொகை கேட்டால் விட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். தொட்டி, சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), ஜெனரேட்டர் எதுவானாலும் ஓடும்போது உள்ள எடையை எழுதி ஸ்ட்ரக்சுரல் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள், சாட்டில் வரும் "தாங்கும்" வேண்டாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே பேட்ச்சில் 17,700 கட்டியவர்கள் யாராவது இதைப் பார்த்தால் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும் குழு உரையாடலையும் இப்போதே சேமித்து வையுங்கள். குழுவை எப்போது கலைப்பார்கள் என்று தெரியாது.