டாம்கேட்டும் எங்கள் இலைக்கணக்கும்: 12 ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் குன்னூரிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் என்னைப் போலவே, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்பவர். "உங்க ஃபேக்டரியில இலைக்கணக்கு எதுல ஓடுது? அதையே நாங்களும் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் தொழிற்சாலையில் இலைக்கணக்குச் செயலி 2013 முதல் அப்பாச்சி டாம்கேட்டில்தான் ஓடுகிறது; ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருள் அது. இருந்தும் நான் சற்றும் யோசிக்காமல், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அழைத்த நாள் அப்படிப்பட்ட நாள்.

செயலி முழுவதையும் கட்டிவைத்த வார் கோப்பைப் போட்டால் செயலி எழுந்து நிற்கும், 8080 என்ற கதவில் (போர்ட்டில்) காத்திருக்கும் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். எனவே உழைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து, ஒரே நாளில் நான்கு முறை மின்சாரம் போய்வரும் ஊர் இது. அத்தனை முறையும் கணினி எழுந்தவுடன் டாம்கேட்டும் தானாக எழுந்து, எடை போடும் இடத்திலிருந்து வரும் பதிவுகளை வாங்கத் தொடங்கிவிடும். இதைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய விலங்கு என்பதால்தான் ஆண்பூனையின் பெயரை இதற்குத் தேர்ந்தெடுத்தாராம். இந்த 12 ஆண்டுகளில் அது காரணமின்றித் தானாக விழுந்து நான் பார்த்ததில்லை.

என் மனக்குறை முழுவதும் தமிழைப் பற்றியது. எங்களுக்கு இலை கொடுப்பவர்களில் ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) மூன்று போஜன்களும் இரண்டு மாதன்களும் இருப்பார்கள். ஆகவே ஊர்ப்பெயர், தந்தை பெயர், சொந்தப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழில் பதிந்தால்தான் மாதக் கடைசிப் பட்டுவாடாவில் குழப்பம் வராது. பெயருக்கு 60 இடம் ஒதுக்கியிருந்தோம், அது தாராளம் என்றே நினைத்தோம். ஆனால் சிலருடைய சீட்டில் பெயரின் கடைசி மெய்யெழுத்து புள்ளியை இழந்து அச்சானது, வேறு சிலருக்குப் பெயரே பாதியில் நின்றது. அச்சுப்பொறியைக் குறை சொல்லிக்கொண்டே நான்கு ஆண்டுகள் ஓட்டினோம்.

உண்மையில் நடந்தது இதுதான். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகும், அதிலும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'மாதன்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, பதினைந்து பைட்டு. அப்போது நாங்கள் வைத்திருந்த டாம்கேட் 7, உலாவியிலிருந்து வரும் எதையும் வேறு சொல்லாதவரை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே பதினைந்து பைட்டும் பதினைந்து அந்நிய எழுத்துகளாகித் தரவுத்தளத்தில் போய் அமர்ந்தன. தமிழ்க் குறிகளின் இரண்டாவது பைட் பெரும்பாலும் ஒன்றேயாதலால், எங்கள் விவசாயிகளின் பெயர்களில் திரும்பத் திரும்ப வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறி வந்துகொண்டிருந்தது. செயலியை எழுதியவர் இதை அறிந்தே, திரையில் காட்டும்போதும் அச்சிடும்போதும் மட்டும் அந்த எழுத்துகளை மறுபடி பைட்டுகளாக்கித் தமிழாகத் திருப்பும் ஒட்டு ஒன்றைப் போட்டிருந்தார். தேடும்போது அடிக்கும் பெயரும் அதே விதமாகவே கெட்டுப்போனதால், கெட்டதும் கெட்டதும் பொருந்தித் தேடல் சரியாகவே வேலை செய்தது.

2017இல் டாம்கேட் 8.5க்கு மாறினோம். 8ஆம் பதிப்பிலிருந்து, முகவரியோடு ஒட்டிவரும் சொற்களை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதே வழக்கமான அமைப்பாகிவிட்டது. அது நல்ல மாற்றம்தான், ஆனால் படிவத்தின் வழியாகப் போஸ்ட் முறையில் வருவதற்குப் பழைய வழக்கமே நீடித்தது. எங்கள் தேடல் முகவரி வழியாகப் போவது, பதிவோ படிவத்தின் வழியாகப் போவது. ஆகவே தேடும் பெயர் நல்ல தமிழாகிவிட, பதிந்த பெயர் கெட்டதாகவே இருந்தது. மறுநாள் காலையில் கணக்குப் பிரிவு அக்கா, "சார், போஜன் அண்ணன் பேரைக் காணோம்" என்றார். அரை மணி நேரத்தில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றும் காணாமற்போனது தெரிந்தது.

படிவத்தையும் யூடிஎஃப்-8 என்று படிக்கவைக்க, டாம்கேட்டுடனேயே வரும் எழுத்துக்குறியீட்டு வடிகட்டியை இயக்கினேன். இப்போது புதிய பெயர்கள் தரவுத்தளத்தில் அழகான தமிழில் பதிந்தன, ஆனால் அச்சிலிருந்த பழைய ஒட்டு, அந்த நல்ல தமிழை ஐஎஸ்ஓ-8859-1க்குள் திணிக்கப் பார்த்து ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைக் கக்கியது. பழைய பெயர்கள் அச்சாகும், தேடினால் கிடைக்காது. புதிய பெயர்கள் தேடினால் கிடைக்கும், அச்சாகாது. பட்டுவாடா நாளன்று ஐந்து கேள்விக்குறிகள் கொண்ட சீட்டை நீட்டி, "இது யாரு?" என்று மாதன் ஒருவர் என்னிடமே கேட்டார்.

செயலியின் மூலநிரல் எங்களிடம் இல்லை. இறுதியில் நான் கண்ட தீர்வு, வடிகட்டியை நீக்கிவிட்டு, முகவரியை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று டாம்கேட்டுக்குச் சொல்லும் இணைப்பானின் யூஆர்ஐ குறியீட்டை ஐஎஸ்ஓ-8859-1 என்று வெளிப்படையாக எழுதிவைத்ததுதான். அதாவது, முன்பு எப்படித் தவறு செய்தாயோ அப்படியே தொடர்ந்து தவறு செய் என்று ஒரு நல்ல மென்பொருளுக்கு எழுத்து மூலம் உத்தரவிட்டேன். 2021இல் 9ஆம் பதிப்புக்கு வந்தபோதும் அந்த வரி கூடவே வந்தது.

நியாயமாகப் பேசினால், படிவ விஷயத்தில் குற்றம் டாம்கேட்டினுடையதன்று. உலாவி குறியீட்டைச் சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்றே கொள்ள வேண்டும் என்பது ஜாவா இணையச் செயலிகளுக்குப் பொதுவான சர்வ்லெட் வரையறையின் விதி, அதை அது ஒழுங்காகப் பின்பற்றியது. ஒட்டுப் போட்டவரின் பிழையும், நான்கு ஆண்டுகள் தரவுத்தளத்தைத் திறந்து பார்க்காத என் சோம்பலும் அதில் சேரும். ஆயினும் உலகில் பெரும்பாலோர் எழுதாத ஓர் எழுத்து வரிசையை எல்லோருக்கும் பொதுவென்று வைத்து, ஒரு வரி மாற்றத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்கும்படி விட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. 10ஆம் பதிப்பில் படிவத்துக்கும் யூடிஎஃப்-8 வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே பதிப்பில் ஜாவாவின் பொதிப்பெயர்கள் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறியதால், பழைய செயலி அப்படியே ஓடாது. பழைய வார் கோப்பைத் தனிக் கோப்புறையில் போட்டால் தானே மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பெரிய மனசுதான். எங்களுக்கோ அந்தப் பதிப்பின் நல்ல குணமே ஆபத்து, படிவம் நல்ல தமிழாக வந்தால் பழைய ஒட்டு மறுபடி கேள்விக்குறிகளைக் கக்கும்.

மற்றக் குறைகள் சிறியவை. கேட்டலினா.அவுட் என்ற பதிவுக்கோப்பை அதுவாக வெட்டிச் சுழற்றாது, வட்டு நிரம்பிய பிறகே நான் அதைக் கற்றேன். 2020 பிப்ரவரியில் 'கோஸ்ட்கேட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, நாங்கள் பயன்படுத்தவே செய்யாத 8009 கதவு இயல்பாகத் திறந்து கிடந்ததை அறிந்து எரிச்சலோடு மூடினேன். எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. ஒழுங்காக நிறுத்தித் தொடங்கினால், உள்ளே நுழைந்திருந்தவர்களின் அமர்வுகளை ஒரு கோப்பில் எழுதிவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அக்கா எடை பதிந்துகொண்டிருக்கும்போதே நான் மறுதொடக்கம் செய்திருக்கிறேன், அவருக்குத் தெரியவே இல்லை.

நண்பர் அழைத்த நாளுக்கு வருகிறேன். பழைய கணினியின் வட்டு போய்விட்டதால், அன்றுதான் புதிய கணினியில் டாம்கேட் 9ஐ நிறுவியிருந்தேன். செயலியையும் தரவையும் கொண்டுவந்தவன் அந்த ஒரு வரியை மறந்துவிட்டேன். எட்டு ஆண்டுகள் கழித்து அதே குரலில், "போஜன் அண்ணன் பேரைக் காணோம் சார்" என்று வந்தது. அந்தச் சூட்டில்தான் வேண்டாம் என்றேன். "அப்போ புது மெஷின்ல என்ன போட்டிருக்கீங்க?" என்று அவர் கேட்டதற்கு, டாம்கேட் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, அவர் சிரித்துவிட்டார்.

மாலையில் டாம்கேட்டின் அமைப்புகள் இருக்கும் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தேன். அதற்கு மேலே, எனக்குப் பின் வருபவருக்காக, "இதைத் திருத்தாதீர்கள், பெயர்கள் காணாமற்போகும்" என்று தமிழிலேயே ஒரு குறிப்பும் எழுதினேன். அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று போட்டிருப்பதால், குறிப்பின் ஒரு புள்ளிகூட உதிரவில்லை.