பழைய பிக்கப்பின் பெட்டிக்கு எந்தப் போல்ட்டு?

கிரவல் வீதியின் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ‘டக்’ என்று ஓர் அடி கேட்டது. வில்லுத்தகடு என்றுதான் நினைத்தேன். மாங்குளத்தில் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தபோது, சுமை ஏற்றும் பெட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருந்த எட்டுப் போல்ட்டுகளில் இரண்டு, விரலால் திருப்பினாலே சுழன்றன. கழற்றிய ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். தலை முழுதாக இருக்கிறது. திருகுப் புரியும் முழுதாக இருக்கிறது. நடுவில் மட்டும் உடுக்கின் இடைபோல் ஒடுங்கிப்போயிருக்கிறது. இரப்பர் அடைக்குள் ஈரமண் தங்கும் இடம் அதுதான். மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பெட்டியைச் சேசிஸோடு பற்றவைத்துவிடலாம் என்றார் ஒருவர். நான் உடன்படவில்லை. சுமையேறிய சேசிஸ் பள்ளத்தில் முறுகும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கத்தான் நடுவில் இரப்பர் இருக்கிறது. அதை மறுத்தால் பற்றின் ஓரத்தில் வெடிப்பு விழும்.

ஹாட்வெயார் கடையில் மலிவாகக் கிடைப்பவை புரிக் கம்பியை வெட்டிய துண்டும், தலையில் 4.6 என்று இருக்கும் அல்லது எண்ணே இல்லாத மென்னுருக்குப் போல்ட்டும். தலையில் உள்ள இந்த எண்தான் போல்ட்டின் வலிமை வகுப்பு. அதில் முதல் எண் இழுவிசை வலிமையை நூறுகளில் சொல்கிறது. இரண்டாவது, அந்த வலிமையில் பத்தில் எத்தனை பங்கில் போல்ட்டு மீளாதபடி நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 4.6 என்றால் 400 மெகாபாஸ்கல் வலிமை, 240இலேயே நீளும். 8.8 என்றால் 800, 640. பெட்டியை நிலையாக வைத்திருப்பது இறுக்கத்தால் வரும் பிடிமானம். போல்ட்டு நீண்டுவிட்டால் பிடி தளரும், பெட்டி நகரும், போல்ட்டின் இடுப்பு தேயும். இரணைமடுப் பக்க வயல்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்கு மென்னுருக்கைப் பூட்டுவது தவறு என்பதே என் முடிவு.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். பளபளப்பைப் பார்த்து நானும் மயங்கினேன். ஆனால் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நீளும், 8.8இன் பிடி அதற்கு வராது. எண்ணெய் தடவாமல் வேகமாக முடுக்கினால் புரிகள் ஒன்றையொன்று கடித்து இறுகிவிடும். பிறகு கிரைண்டரால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பது மேலே படரும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம். காற்றுப் புகாத இரப்பர் இடுக்கில் உப்பு நீர் தங்கினால் அந்தப் படலம் உடைந்து குழிகுழியாக அரிக்கும். முல்லைத்தீவிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றுபவரும், ஆனையிறவில் உப்பு ஏற்றுபவரும் ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் மொலிப்டினம் கலந்த ஏ4 வகையைக் கேட்டு வாங்கட்டும். அதையும் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்க்கட்டும்.

நான் பூட்டியது நாகப்பூச்சுள்ள (துத்தநாகம் பூசிய) 8.8. துரு எதிர்ப்பில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இது ஈடில்லை, பூச்சு மெல்லியது. அதனால் நடுத்தண்டு முழுவதும் கிறீஸ் பூசினேன். தடித்த, அகலமான வாசர், நைலோன் வளைய நட்டு, புதிய இரப்பர் எல்லாம் சேர்த்தேன். சூடான நாகத்தில் தோய்த்தவை இன்னும் நீடிக்கும். ஆனால் தடித்த பூச்சினால் அவற்றுக்கென அகலமாக வெட்டிய நட்டு வேண்டும், சேசிஸில் பற்றவைத்த நட்டுக்குள் அவை ஏறா. 10.9 தேவையே இல்லை. அந்த இறுக்கத்தை மெல்லிய பெட்டித் தகடு தாங்காது.

வாங்கும்போது புரியின் நெருக்கத்தையும், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலான தூரத்தையும், பாருங்கள். ஜப்பான் வண்டிகளில் 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர் நெருக்கப் புரி. கடையில் எடுத்த எடுப்பில் தருவது 1.75. இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி நின்றுவிடும். அங்கே சாவியைப் போட்டு முறுக்கினால் நட்டின் புரி போய்விடும். பழைய போல்ட்டின் புரியைப் புதியதன் புரியோடு பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். இடைவெளி தெரியாமல் பொருந்தவேண்டும்.

புதிய இரப்பர் முதற்சுமையில் அமுங்கும். நான் முதல் லோட்டோடு ஏ9 வீதியில் வந்தபோது, முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரையும் போல நிறுத்தினேன். கும்பிட்டுவிட்டு அடியில் புகுந்து சாவி வைத்தபோது எட்டு நட்டுகளும் கால் சுற்று ஏறின.